பஸ் சாவி திரும்பி வந்தது

டுலூத், மார்ச் 11

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, நானும் அப்பாவும் உறையாமல் சுகமாக இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் வாடாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூட பஸ் சாவி மறுபடியும் என் கையில். டிசம்பரில் ரத்த அழுத்தம் நூற்றெழுபது என்று சாவியை வாங்கிக்கொண்டார்களே, மார்ச்சுக்குள் இறங்காவிட்டால் பத்தொன்பது வருஷ வேலை அத்தோடு சரி என்றார் டாக்டர். அன்று பட்ட பயத்தை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மாத்திரையோடு, கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய தியானப் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே, மூச்சு வருவதையும் போவதையும் பாருங்கள் என்று இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெளியே குளிரில் போனால்தானே மூச்சு கண்ணுக்குத் தெரியும்? கோட்டு தொப்பியெல்லாம் மாட்டிக்கொண்டு, பின்வாசலில் அப்பாவின் மீன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். போகிற மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது, வருகிறது தெரியவில்லை. பாதிப் பாடமாவது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்து, மறுபடியும் சிகரெட்டா லொரெய்ன், விட்டு எட்டு வருஷம் ஆச்சேடி என்று கத்தினார். வாயை ஊதிக் காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பிவிட்டு, இதுக்கு சிகரெட்டே தேவலை என்று உள்ளே போனார்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு டோரிஸ் இன்னொரு புத்தகம் தந்தாள். அதில் ஓர் அம்மாள் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்திருக்கிற படம். பார்ப்பது என்றால் கவனிப்பதாம். ஆறு வாரம் விறைத்ததை நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஆனால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள், அதற்குள் இருபது நிமிஷம் உட்காரப் பழகியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அளந்தார், நூற்றிருபத்தாறு. கருவியில் கோளாறு என்று வேறொன்றைக் கொண்டுவந்தார், அதிலும் அதேதான். உள்ளுக்குள் குதித்தேன். திங்கட்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளும் ஏறும்போதே, எங்கே போனீங்க, அந்த மாத்து டிரைவர் எங்களைப் பாடவே விடலை என்று காதைக் கிழித்தார்கள். பாடுங்கள் என்றேன். ஏரிக்கரை முழுக்கப் பாடிக்கொண்டே போனோம்.

உன்னால் இரண்டு நிமிஷம்கூட உட்கார முடியாமல்தான் அந்தப் புத்தகத்தை எனக்குத் தள்ளிவிட்டாய் என்று அப்பா சொல்லிவிட்டார். வெட்கப்படாதே, திருப்பி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஊரில் மூச்சு கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு செய்.

உன் அம்மா,
லொரெய்ன்
டிரைவர், பஸ் எண் 14