மாசியைப் பூட்டிய ஆப்

கூட்டேரிப்பட்டு
25.2.2018

அன்புள்ள ஆண்டோ அப்பாவுக்கு,

இருதயசெல்வி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். கடையில் அண்டாக்களும் சுகம், ஒரு குண்டானுக்கு மட்டும் அடியில் ஓட்டை. மஸ்கட்டில் உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும் என்று இன்னொரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் நாலு வார்த்தை குறுக்கே பேசிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. இன்னாசிராஜ் அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், வறுத்த மல்லாட்டையோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கடலையை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். 'பாத்திரத்த வாடகைக்கு வுட்டு மூணு வயிறு ரொம்புமா செல்வி? கடை நிமிரட்டும், அப்புறம் வர்றேன்' என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு வந்ததே கோபம். நீங்கள் போட்ட கடையை நீங்களே குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்குமா?

அந்தக் கோபத்தில்தான் ஆப் செய்கிற வேலையில் இறங்கினேன். நம் பங்குக் கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுமே வெனிலா, அந்தப் பெண்தான் செய்து கொடுத்தது. விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறது. வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கும் என்று பார்த்தால், பெண் பார்க்க வந்த மாதிரி ஒரு முழு நாளும் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் என்னிடம், 'இன்னாக்கா இது, அண்டா வேணும்னு ஒருத்தர்கூடக் கேக்கல. முந்நூறு இலை போடறோம், ஐந்நூறு இலை போடறோம்னுதானே சொல்றாங்க' என்றது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக இலையைக் கேட்டு அண்டாவை எடுத்துக் கொடுப்பது கைப்பழக்கமாகிவிட்டது, அதை ஒரு விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

அதனால் ஆப்பைத் திறந்தால் முதல் கேள்வி, எத்தனை இலை? அடுத்தது, சாப்பாடா பிரியாணியா? அவ்வளவுதான். அண்டா, தவலை, கரண்டி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். வேண்டாததை எடுத்துவிட்டு, தேதியைத் தொட்டால் முடிந்தது.

படம் எடுத்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. வண்டி ஓட்டும் பச்சைமுத்துவிடம் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து வை என்று போனைக் கொடுத்துவிட்டு நான் திண்டிவனம் போய் வந்தேன். மனுஷன் அண்டாவுக்குப் பக்கத்தில் தானும் நின்று பல்லைக் காட்டியபடி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். கேட்டால், ஆள் பக்கத்தில் நின்றால்தான் அண்டாவின் உயரம் தெரியும் என்கிறான். வெனிலாவும் நல்ல யோசனை என்று அப்படியே போட்டுவிட்டது. ஓமந்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, சிரிக்கிற அந்தத் தம்பியும் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டார்.

பொங்கல் முடிந்து ஆப் நடமாட ஆரம்பித்தது. தை மாதத்தில் நல்ல ஓட்டம். அதற்குப் பிறகுதான் வந்தது வினை. மாசி பிறக்கப் போகிறது, முகூர்த்த மாதம், கல்யாணத்துக்கென்று ஒரே ஒரு பதிவுகூட இல்லை. மஞ்சள் நீராட்டு வருகிறது, காதுகுத்து வருகிறது, கல்யாணம் மட்டும் வரவில்லை. நேரில் வரும் வழக்கமும் போய்விட்டது, எல்லோரும் ஆப்பைத்தான் பார்க்கிறார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஆகிவிட்டதே என்று மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கையெழுத்தே போட்டுவிடுங்கள் என்று சொல்ல உங்கள் நம்பரை எடுத்தேன். மனசு வராமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் முருகையன் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். நம் பின்பக்கத்து நிலத்தில் கேப்பை போட்டிருக்கிறாரே, அவர்தான். மகள் பானுப்ரியாவுக்கு மாசியில் கல்யாணம். வந்ததும் வராததுமாக, 'இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு சவுரிராயன் ஊரோட வந்துடறாரா? ஊரே பேசிக்கினு கீது. அதுக்குன்னு கடையவா மூடிப் போடுவீங்க?' என்றார். கடையை யார் மூடியது என்று கேட்டேன். அவர் தன் போனை நீட்டினார். மாசி பூராவும் சிவப்பு. 'இந்த நாட்களில் கல்யாணப் பதிவு இல்லை' என்று எழுதியிருந்தது.

தப்பு என்னுடையதுதான், வெனிலாவுக்கும் பங்கு உண்டு. கல்யாணப் பாத்திரத்துக்கு ஈயம் பூச, ஜமுக்காளம் துவைக்க ஓய்வு நாள் வேண்டுமே, கல்யாணம் இல்லாத காலம் எது என்று அது கேட்டது. ஆடி, மார்கழி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அதே வாயால் தவக்காலம் என்றும் சேர்த்துவிட்டேன். கோயிலுக்குப் போகிற பெண்தானே, அதுவும் சரிதானே என்று தலையாட்டிவிட்டு, சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பதிவை மட்டும் பூட்டிவிட்டது. நாம் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்றால் முருகையன் அண்ணனும் வைக்கக் கூடாதா? நல்ல நாள் பார்ப்பது அவரவர் பாடு, அண்டா கொடுப்பதுதானே நம் வேலை! அண்ணனிடம் சொன்னதும் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'எம் பொண்ணையும் நாப்பது நாள் ஒருசந்தி விரதம் இருக்க வுட்டியேம்மா' என்றார்.

வெனிலா ஓடி வந்து பூட்டைத் திறந்தது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். பானுப்ரியா கல்யாணம் நேற்றுத்தான் முடிந்தது, கரண்டிகூட ஒன்றும் தொலையாமல் திரும்பியது, நம்புவீர்களா? மூன்று வயிறு ரொம்பும். கைதான் போதவில்லை.

எல்லோரும் பந்தலும் சேர்த்துப் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். ஆப்பில் பந்தலுக்கென்று ஒரு பொத்தான் உண்டு, தொட்டால் 'விரைவில்' என்று வரும். பந்தல் கட்ட ஆள் இல்லையே, எடுத்துவிடவா அக்கா என்று வெனிலா கேட்டது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டோ நன்றாகப் படிக்கிறான். உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறான், இன்னும் ஒரு விரல் அளவுதான் பெரிதாக இருக்கிறது. நீங்கள் ஊரோடு வந்துவிடுவதாக ஊரே பேசுகிறது என்று முருகையன் அண்ணன் சொன்னாரே, அந்தப் பொய்யை இதுவரை யாரிடமும் நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

தேதிகளைப் பூட்டவும் திறக்கவும் வெனிலா எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. இப்போது பூட்டு என் கையில்தான். தேதியைத் தொட்டால் சிவப்பாகிவிடும், அன்றைக்கு எந்த ராஜா வந்து கேட்டாலும் அண்டா கிடையாது. ஈஸ்டருக்கு அப்புறம் அப்படி ஒரு நாள் எனக்கு வேண்டும். பச்சைமுத்து வண்டியில் பாத்திரம் ஏற்றாமல், நானும் ஆண்டோவும் ஏறி மீனம்பாக்கம் வரைக்கும் வர வேண்டும். ஏப்ரல் மாதத்தைத் திறந்து வைத்து விரலை நீட்டிக்கொண்டு பார்க்கிறேன், எந்தத் தேதியைத் தொடுவது என்று தெரியவில்லை.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். கையெழுத்துப் போடாதீர்கள். சித்திரை முகூர்த்தங்களை ஊரார் வந்து பிடித்துக்கொள்வதற்குள் தேதியைச் சொல்லுங்கள், பூட்டிவிடுகிறேன்.

உங்கள்
செல்வி