பூங்காப் பேய்க்கு விழுந்த செருப்படி

மதியழகன் அப்பாவுக்கு, உங்கள் மனைவி கெங்கம்மாள் வணங்கி எழுதுவது. லண்டனில் நானும் பேத்தி பூர்ணிமாவும் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பழைய பூங்காவில் இருட்டிய பிறகு ஜனங்களைக் கூட்டிப்போய்ப் பேய்க்கதை சொல்வதுதான் பூர்ணிமாவுக்கு வேலை. அவள் இங்கிலீஷுக்கு வெள்ளைக்காரர்களே வாயடைத்து நிற்கிறார்கள். நேற்று நானும் போனேன். மரத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று அவள்மேல் பாய்ந்தது. பேய்க்குத் தோல் செருப்பென்றால் பயமாயிற்றே என்று, ஆம்பூர்ச் செருப்பைக் கழற்றி ஒன்று வைத்தேன்.

"ஐயோ ஆயா, இன்னா பண்ணிட்ட! அது எங்க ஆளு! என் வேலை போச்சு!" என்று அலறினாள். கூட்டமோ இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று கைதட்டியது. அடி வாங்கியவரும் சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் பேத்தி கேலி செய்வாள், அதனால் எழுதுகிறேன். படுக்கும்போது என்னைக் கூப்பிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். உங்கள் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பூர்ணிமா வருகிறாள், நிறுத்துகிறேன்.