புகைவீட்டுக் கதவில் தொங்கிய கல்

மச்சான்,

இன்று காலை விரிவுரை மண்டபத்தில் ஒரு சைக்கிள் டியூப் துண்டைத் தொங்கவிட்டு, அடியில் கல்லைக் கட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினேன். ரப்பர் வாசனை கிளம்பியதும் உன் சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. புகைவீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்திவிட்டு அதே சட்டையோடு என் வீட்டுக்குள் நுழைவாயே, அந்தச் சட்டை.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாம். நீ தோட்டத்திலேயே நின்றாய். நான் ஈப்போவில் அறிவியல் ஆசிரியன், கொஞ்சம் தலைக்கனத்தோடு. சூடுபட்டால் எல்லாப் பொருளும் விரியும் என்று கரும்பலகையில் எழுதினேன். என் வகுப்பில் படித்த உன் மகள் செல்வி எழுந்தாள். எடை தொங்கும் ரப்பர் சுருங்கும், அப்பா பார்த்திருக்கிறார் என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதன்பின் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சண்டை போடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் புகைவீட்டுக்குக் கூட்டிப் போனாய். கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்காக, அதன் உள்பக்கம் டியூப் துண்டில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். பக்கத்துச் சுவரில் கரியால் இரண்டு கோடுகள். நீ தீ மூட்டினாய். கொஞ்ச நேரத்தில் கல் கீழ்க்கோட்டை விட்டு இரண்டு விரற்கடை மேலே ஏறியது. ஏதாவது சாக்குக் கிடைக்குமா என்று தேடினேன்.

"கல்ல மாத்திப் பாத்தேன், டியூப்ப மாத்திப் பாத்தேன். ஏறத்தான் செய்யுதுலா. ஏன்னு நீ சொல்லு."

வீட்டுக்கு வந்து செல்வியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"வீட்டுல கேக்காத மச்சான். சிரிச்ச எடத்துல கேளு."

திங்கட்கிழமை வகுப்பில் சுடுநீரும் டியூப்புமாகச் செய்துகாட்டி, தவறு என்னுடையது என்றேன். வெகுநேரம் கழித்துச் செல்வி கையைத் தூக்கினாள். ஏன் ஏறுகிறது என்று கேட்டாள். உன் மகள்தானே!

அந்த 'ஏன்' என்னை மறுபடி பல்கலைக்கழகத்துக்கு விரட்டியது. சில ஆண்டுகள் கழித்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் தட்டிலிருந்து ஓர் இழையைத் தூக்கிக் காட்டினேன். ரப்பருக்குள் இப்படித்தான் நீள நீளச் சங்கிலிகள். சூட்டில் அதிகம் துள்ளும், துள்ளினால் சுருளும் என்றேன். எடை இல்லாத ரப்பர் என்னாகும் என்றாய். அது விரியும் என்றேன். நீ சாப்பிடுவதை நிறுத்தினாய்.

"அப்ப எந்த எடையில அது மனசு மாறுது?"

நான் அளந்து முடிப்பதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இன்று கல்லை மாற்றிச் சிறிது சிறிதாக எடையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் சூடாக்கியும் கல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ரொம்பச் சின்னக் கல், மச்சான். உள்ளங்கைக்குள் மூடிவிடலாம்.

அப்போது பின்வரிசையில் ஒரு மாணவி, எங்கள் வீட்டில் ரப்பரைச் சூடாக்கினால் இப்படி நடக்காதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கல்லைக் கழற்றி, நீயே தொங்கவிட்டுக் காட்டு என்று அவள் கையில் கொடுத்தேன்.