பின்பக்கம்

திங்கள், சாயங்காலம்

சலவைக்கடை மகாராணி சமூகத்துக்கு,

தாங்கள் என்னோடு பேசுவதில்லை என்று விரதம் எடுத்திருப்பதால், பிரிட்ஜ் கதவைத் தபால்பெட்டியாக்கி இதை எழுதுகிறேன். நீ வேலை முடிந்து படியேறும்போது நான் வேலைக்குப் படியிறங்குகிறேன். நேற்று என்னைப் பார்த்த பார்வையில் கைப்பிடிச் சுவரே சுட்டிருக்கும்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? உன் அக்கா வீட்டு விசேஷத்தில், தூக்கத்தில் நீ உன் முதலாளியிடம் “மன்னிச்சிடுங்க சார், சாயம் போயிடுச்சு சார்” என்று கும்பிடுவதை நடித்துக் காட்டினேன். கூடமே சிரித்தது. உன் அத்தைக்குப் பல்செட் கழன்றது. சிரிக்காத ஒரே ஆள் நீ.

அது கிடக்கட்டும். வாண்டுக்கு மத்தியானத்திலிருந்து உடம்பு சுடுகிறது. கம்பளியை நன்றாகச் சுற்றிவிட்டிருக்கிறேன். மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும், தேடிக் கண்டுபிடித்துக்கொள்.

இப்படிக்கு,
ரொட்டிக்கடையில் மாவோடு மல்லுக்கட்டும் உன் கணவன்


செவ்வாய், காலை

வாண்டின் அப்பாவுக்கு,

கம்பளியை எடுத்துவிட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்சல் கட்டக் கூடாது. மெல்லிய சட்டை போதும். சாப்பிட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தண்ணீர் மட்டும் வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். டாக்டர் எழுதிய மருந்து அலமாரியில் இருக்கிறது. மூடியில் உள்ள கோடு வரைதான். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் அவர் சொன்ன இடைவெளி வேண்டும். கொடுத்தால் எழுதிவையுங்கள். சுருக்கமாக.

தூக்கத்தில்கூட மன்னிப்புக் கேட்கிறேன் என்பதுதானே வேடிக்கை? முழித்திருக்கும்போதுகூடக் கேட்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

நான்


செவ்வாய், சாயங்காலம்

சுருக்கத்தின் அரசிக்கு,

உத்தரவுப்படி கம்பளிக்கு விடுதலை. தண்ணீர் கொடுத்தேன், பாதி அவள் வாயில், பாதி என் சட்டையில். சலவைக்கடைக்காரி வீட்டில் இருப்பதால் கவலையில்லை.

இன்று கீழ்வீட்டுத் தையற்காரம்மா விசாரிக்க வந்தார். உள்ளங்காலில் வெங்காயம் தேய்க்கச் சொன்னார். தேய்த்திருந்தால் காய்ச்சல் போகிறதோ இல்லையோ, நான் வீட்டைவிட்டுப் போயிருப்பேன். அவருடைய மருமகன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாம். “அவனுக்கு வேலையே வேலை விடுறதுதான்” என்று சொல்லிவிட்டு, என் ரொட்டியில் பாதியைத் தின்றுகொண்டே என் ரொட்டியைக் குறை சொன்னார். என் தொப்பையைப் பார்த்து, மாவை நான் பிசைகிறேனா, மாவு என்னைப் பிசைகிறதா என்று வேறு கேட்டார்.

உன் மகள் நெற்றித் துணியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “அப்பா, நீ அம்மாகூடக் காயா?” அம்மாதான் காய் என்றேன். “அப்ப நான் யாரோட பழம்?” என்றாள். ரொட்டிக்கடைக்காரனிடம் பழக்கடைக் கணக்குக் கேட்டால் என்ன சொல்வேன்? தாளும் தீர்ந்துவிட்டது.

(பின்பக்கம்)

மறந்தேபோனேன். இப்போதுதான் மருந்து கொடுத்தேன், கோடு வரை. உன் செருப்புச் சத்தம் படியில் கேட்கிறது. இனி விடிந்த பிறகு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பாதி நனைந்த தகப்பன்


புதன், காலை

வாண்டின் அப்பாவுக்கு,

முன்பக்கம் படித்தேன். வெங்காயம் படித்தேன், மருமகன் படித்தேன், தொப்பை படித்தேன். குழந்தை மடியில் அனலாகக் கிடந்தாள். அப்பா மருந்து கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்த மருந்தின் இனிப்புக்காக எத்தனை தடவை கேட்டாலும் இல்லை என்றுதான் ஆட்டுவாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டேன்.

அப்புறம் உங்களுக்குப் பதில் எழுதலாம் என்று தாளைத் திருப்பினேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். குழந்தையின் எடையைக் கேட்டார், குப்பியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். இந்தத் தடவை பயமில்லை, ஆனால் கண்ணை எடுக்காதீர்கள், வாந்தி வந்தாலோ துவண்டாலோ உடனே தூக்கிவாருங்கள், நான் சொல்லும்வரை ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். கடைசியில், “வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?” என்றார்.

பிறகு உங்கள் கடைக்குப் போன் செய்தேன். இத்தனை நாளுக்கப்புறம் என் குரலைக் கேட்டு நீங்கள் சொன்னது: “அடேயப்பா, மகாராணி வாயைத் திறந்துட்டாங்க, இன்னிக்கு மழைதான்.” சரி, விஷயம் தெரியாது. விஷயத்தைச் சொன்ன பிறகு சொன்னீர்களே: “ரெண்டு மடங்கு கவனிப்புன்னு வெச்சுக்கோயேன்.”

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைக் கதையாக்காதீர்கள். என் கையால் என் குழந்தைக்குக் கொடுத்தேன். அந்தக் கை இன்னும் நிற்காமல் நடுங்குகிறது.

நான்


புதன், சாயங்காலம்

கண்ணு,

முக்கியமானது முதலில்: மத்தியானம் டாக்டரிடம் கேட்டேன். சரி என்ற பிறகு ஒரு வேளை கொடுத்தேன். அடுத்தது நீ படுக்கப்போகும்போது, அதுவும் சுட்டால் மட்டும். வாண்டு எழுந்து உட்கார்ந்து பாலில் ஊறிய ரொட்டி கேட்டாள். என் ரொட்டியைக் கேட்கும் அளவுக்குப் புத்தி கலங்கியிருக்கிறாளே என்று முதலில் பயந்தேன். தொட்டுப் பார்த்தால் சூடு இறங்கியிருந்தது.

நேற்று நீ போனை வைத்ததும் மாவுத்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணில் மாவு விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடும். கால் அப்புறம்தான்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். அடுப்பின்மேல் ஆணை. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாமா? பேச வேண்டாம். மென்றால் போதும்.

உன்
கணவன்


வியாழன், காலை

வாண்டின் அப்பாவுக்கு,

படுக்கும்போது சுடவில்லை. மருந்து கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடலாம். சீக்கிரம் வரப் பார்க்கிறேன். பேசவும் பேசலாம்.

நான்


ஞாயிறு, அக்கா வீடு

அன்புள்ள வாண்டின் அப்பாவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. மருந்தை நிறுத்தியாகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு நான் வரவில்லை. நீங்கள் மூன்று தட்டு எடுத்துவைத்திருந்தீர்கள் என்று அக்கா சொன்னாள், வாண்டைத் தூக்கிவர வந்தபோது பார்த்தாளாம். ஏன் என்று அவளிடம் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

அன்று கடை சாத்துகிற நேரத்தில் தையற்காரம்மா சலவைக்குப் போட்ட திரைச்சீலையை வாங்க வந்தார். கல்லாவைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள், முதலாளியும்தான். “ஏம்மா, பின்பக்கம் பாக்கலியாமே!” என்று சிரித்தார். பிறகு நடித்துக் காட்டினார். தாளைத் திருப்பினார், கண்ணை விரித்தார், “ஐயோ குடுத்துட்டேனே, குடுத்துட்டேனே” என்று அலறினார். கை நடுங்குவதைக்கூட விடவில்லை. போனில் நான் அலறியதை அந்த அம்மா கேட்டதில்லை. கை நடுங்கியதை நான் எழுதியது ஒருவருக்குத்தான்.

அச்சு அசலாக இருந்தது. நல்ல வாத்தியார்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

நீங்கள் கெட்டவர் இல்லை. உங்கள் மடியில் அவள் சிரித்தமாதிரி வேறெங்கும் சிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துப்போங்கள். அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை.

“அப்பாவோட காயாம்மா?” என்று கேட்டாள். காய் இல்லை என்றேன். “அப்ப பழமா?” என்றாள். அதுவும் இல்லை என்றேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

சொல்ல வேண்டியது எல்லாம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா