பதுளையில் பிறந்த என் மாப்பிள்ளைக்கு, மந்தைவெளியிலிருந்து

என் உயிரான மாப்ளே,

நீ மண்ணுக்குள் போன பிறகும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன்னை அடித்தவன்மேல் இருப்பது வேறு கோபம். அது நான் சாகும்வரை இருக்கும்.

தொண்ணூற்றொன்றில், தலைவரைக் கொன்ற அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இலங்கையில் பிறந்தவர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். நீ லுங்கியை மாற்றி, பேண்ட் போட்டு, என் கறிக்கடை வாசலில் வந்து நின்றாய்.

"பேர் குடுத்துட்டு வந்துர்றேன் மச்சான்."

"உன்ன யார்ரா கேட்டது? பட்டாளத்துப் பேப்பர்ல முசிறின்னுதான கீது? கம்முனு கெட."

முசிறி உன் அப்பாவின் ஊர். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர் அதையே எழுதிக்கொண்டார். நீ பதுளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு பையனாகக் கப்பலேறி வந்தவன் என்பது எனக்கும் என் தங்கை வள்ளிக்கும் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எந்த நாய்க்கும் தெரிந்திருக்காது.

"ஆர்டர்னா ஆர்டர் மச்சான். கேட்டா சொல்லணும்" என்றாய். சொன்னாய். உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

நானும் வள்ளியும் ஓடி வந்தபோது ஸ்டேஷன் வாசல்வரை அடி விழுவது கேட்டது. லத்தி உள்ளங்காலில் விழும் சத்தம் எனக்குத் தெரியும். கறி வெட்டுகிறவன் நான், எலும்பு உடையும் சத்தமும் தெரியும். "துப்பாக்கி புடிக்கத் தெரியும், சிலோன்ல பொறந்துகீற, பேப்பர்ல ஊர மாத்திகீற. எவனுக்குடா டிரெயினிங் குட்த?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். துப்பாக்கிக் கட்டையால் என் வாயில் ஒரு இடி. பற்களைக் கையில் துப்பிக்கொண்டு, வள்ளி கதறுவதைப் பார்த்தபடி தரையில் கிடந்தேன். நீ மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை.

அதுதான் எனக்குப் புரியவில்லை மாப்ளே. நாம் ரெண்டு பேரும் பட்டாளத்தில் இருந்தபோது, எழுபத்தொன்று சண்டையில் என் தொடையில் குண்டு பாய்ந்து சேற்றில் கிடந்தேனே, அப்போது என் நெஞ்சில் கால் வைத்தவன் வயிற்றில் நீ துப்பாக்கி முனைப் பயனெட்டைச் சொருகினாய். அது சிக்கிக்கொண்டது. அவனை உதைத்துத் தள்ளி உருவினாய். அவன் ரத்தம் என் வாய்க்குள் விழுந்தது. அன்றைக்கே வள்ளியை உனக்குத்தான் கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் கை ஸ்டேஷனில் ஏன் சும்மா கிடந்தது? காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று நினைத்துவிட்டாயா?

கடைசியில் உன்னை வெளியே விட்டார்கள். ஆனால் நீ இனிமேல் வெளிநாட்டுக்காரன் என்றார்கள். வருஷா வருஷம் தங்குவதற்கு அனுமதி வாங்கு, கட்டணம் கட்டு என்றார்கள். எந்த நாட்டின் எல்லையில் பனியில் நின்று காவல் காத்தாயோ, அதே நாட்டில் நிற்பதற்கு நொண்டிக்கொண்டே போய்ப் பணம் கட்டினாய். அடுத்த வருஷம் அனுமதி இல்லை, தேதி போட்டிருக்கிறோம், அதற்குள் நாட்டை விட்டுப் போ என்றார்கள். அதற்கு முன்பே, வாங்கிய அடியில், ரத்தமாக மூத்திரம் போக ஆரம்பித்துவிட்டது உனக்கு. தேதி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இனி நீ இல்லாதபோது நடந்ததைக் கேள். போன வாரம் ஒரு புதுக் கான்ஸ்டபிள் கடைக்கு வந்தான். "உங்க மச்சான் இன்னும் ஊர வுட்டுப் போலியாமே? ஆள் எங்க கீறாரு?"

கையில் கத்தி இருந்தது. எப்படிக் கீழே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "கீறான், வா, காட்றேன்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக இடுகாட்டுக்குப் போனேன். உன் மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் பிடரியைப் பிடித்து மண்ணில் முகத்தை அழுத்தினேன்.

"இங்கதான் கீறான். தோண்டி இட்டுனு போ."

வாயிலும் மூக்கிலும் மண். சின்னப் பையன்தான் மாப்ளே, மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "எனக்கு இன்னா சார் தெரியும்? போய்ப் பாத்துட்டு வான்னாங்க, வந்தேன். மேல இன்னான்னு எழுதறது?"

"போக மாட்டேன்னுட்டான்னு எழுது" என்றேன்.

என்மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். போடட்டும். வள்ளி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நேற்று சோறு போடும்போது மட்டும் கேட்டாள்: "அவன் நெஜமாவே அப்பிடி எழுதினானாண்ணா?" எனக்குத் தெரியாது. எழுதியிருப்பான் என்றே சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்கு ஒரு கல் வெட்டச் சொல்லியிருக்கிறேன். உன் பெயர், பட்டாளத்து நம்பர், மந்தைவெளி, அவ்வளவு போதும் என்றுதான் இருந்தேன். இல்லை, பிறந்த ஊர் பதுளை என்பதையும் போடுகிறேன். பெரிய எழுத்தில் போடுகிறேன். எவன் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளட்டும். நான் இருக்கும்வரை அந்த மண்ணிலிருந்து உன்னை ஒருத்தனும் கிளப்ப முடியாது.

உன் ரத்தம் பார்த்த, உன்னால் பிழைத்த,
வள்ளியின் அண்ணன், உன் மச்சான்