தலைகீழாய் வாசித்த பாட்டு

மச்சானுக்கு,

இன்று காலை சந்தைக்குப் பக்கத்து வலைக்கடையில் மீன்பிடிக்கிற தங்கூசி நூல் வாங்கினேன். என் லூட் வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்துவிட்டது. கடைக்காரர் வழமைபோலக் கொடுவா மீனுக்கா, மணலை மீனுக்கா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எப்போதும் நீதான் பதில் சொல்வாய். "பாட்டுக்கு" என்பாய். அவர் சிரிப்பார். நீ நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து, விரலால் சுண்டிக் காது கொடுத்துப் பார்ப்பாய். நான் கொடுவாவுக்கு என்று பொய் சொல்லி வாங்கி வந்தேன். வீட்டில் சுருளைப் பிரித்ததும் அந்தப் புது நைலோன் வாசனை வந்தது, உன் நினைவும் கூடவே கோபமும் வந்தன. செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

முதல் லூட் உன் தச்சுப் பட்டறைக்கு வந்த நாள் ஞாபகமிருக்கிறது. தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டுப் பாதிரியார், அதன் வெடித்துப்போன முதுகை ஒட்டித் தரச்சொல்லிக் கொண்டுவந்தவர், கடைசியில் அதை உன்னிடமே விட்டுப் போனார். பப்பாசிப் பழத்தை நெடுக்காகப் பிளந்ததுபோல் உடம்பு, பின்னுக்கு மடிந்த தலை. ஐரோப்பாவில் நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன் வாசித்த கருவியாம். போர்த்துக்கேய வழிவந்த உங்கள் பறங்கிக் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வயலினும் கிற்றாரும் கேட்டுக் கேட்டு உனக்கு அலுத்திருந்தது. "இது மெல்லமாப் பேசுது மச்சான். நாமதான் கிட்டப் போகவேணும்" என்றாய். பிறகு அதை அளவெடுத்து, பலாப் பலகையை வளைத்து, எனக்கென்று இன்னொன்று செய்தாய். இப்போது தந்தி அறுந்து மடியில் கிடப்பது அதுதான்.

நீ செய்தாய், நான் எழுதினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் நான் படவரைஞன். உன்னிச்சைக் குளத்து வாய்க்கால்களை மைப்பேனாவால் கீறிப் பழகிய கை. பாதிரியார் தபாலில் அனுப்பிய மங்கல் பிரதிகளையெல்லாம் கொப்பி கொப்பியாகப் படியெடுத்தேன். ஆறு கோடு, கோட்டுக்கு ஒரு தந்தி. லூட்டின் கழுத்தில் எத்தனையாவது கட்டில் விரலை வைப்பது என்பதைக் கோட்டின்மேல் ஓர் எழுத்து சொல்லும். மேற்கோடு மெல்லிய தந்தி, அடிக்கோடு தடித்த தந்தி. இவ்வளவுதான் வித்தை. வேறொருவரும் சொல்லித்தர இல்லாமல் நாம் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிப் பிடித்தது.

கடைசியாகத் தபாலில் வந்த தாள்கட்டு இத்தாலியிலிருந்து. அதில் எழுத்துக்குப் பதில் இலக்கங்கள் இருந்தன. எழுத்தென்ன, இலக்கமென்ன, கோடு கோடுதானே என்று சொல்லி, நான்தான் முதற்பக்கத்தை எழுதத் தொடங்கினேன். முழுக்கட்டையும் படியெடுக்க இரண்டு வருடம் பிடித்தது. அதில் இரண்டு லூட்டுக்கு எழுதிய ஒரு பாட்டு. வாசித்தால் இராகம் முழுக்கத் தடித்த தந்தியில் கிடந்து முனகும், மெல்லிய தந்திகள் மேலே சம்பந்தமில்லாமல் சிணுங்கும். உனக்கு முதலில் பிடிக்கவில்லை. துக்கப் பாட்டாக்கும் என்று நான் சொன்னேன். வாசிக்க வாசிக்க எனக்கு அது உயிராகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் உன் வீட்டுக்கு வந்தால் அதை வாசிக்காமல் நான் சைக்கிளை எடுத்ததில்லை.

என் மனைவி செத்த முப்பத்தோராம் நாளில் என் தன்னாமுனை வீட்டில் நாம் அதை வாசித்தோம். கிரானிலிருந்து வந்த அவளுடைய சொந்தக்காரர், இது எப்போது முடியும் என்று ஆளையாள் பார்த்தார்கள். நீ தலை நிமிரவேயில்லை. என்னோடு இழைந்து, நான் தடுமாறிய இடத்தில் நின்று காத்து, கடைசிவரை வாசித்தாய். அன்றைக்கு உன் கையைப் பிடித்து அழுதேன். அதைவிட எனக்கு ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்திருந்தேன்.

நீ போய் நாற்பது நாளைக்குப் பிறகு உன் மனைவி என்னைக் கூப்பிட்டா. ஆண்டு நினைவுப் பூசையில் நீ ஆசையாக வாசிக்கும் பாட்டை நான் வாசிக்கவேண்டுமாம். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாதா? அங்கேயே உன் லூட்டை எடுத்து என் பங்கை வாசித்துக் காட்டினேன். அவ பாதியிலேயே தலையை ஆட்டினா.

"இது இல்ல அண்ணன். இது நீங்க ரெண்டு பேரும் வாசிக்கிறது. நீங்க போன பிறகு அவர் தனிய வாசிப்பார், அது."

உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்தா. என்னுடைய எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் கீழே உன் தச்சுப் பென்சிலால் அதே வரியைத் தலைகீழாய்த் திருப்பி எழுதியிருந்தாய். முதற்பக்க மூலையில், இத்தாலிக்காரருக்கு மேற்கோடுதான் தடித்த தந்தி என்று ஒரு குறிப்பு. அப்படியென்றால் நாம் வாசித்தது முழுக்கத் தலைகீழ். உன் மகள் போனில் தேடிக் காட்டினாளாம். எப்போது என்று கேட்டேன். என் மனைவி ஆசுபத்திரியில் கிடந்த காலத்துக்கும் முந்தி, ஏழு வருடம் இருக்கும் என்றா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனே, ஏழு வருடம்! ஏழு வருடம் ஞாயிறுக்கு ஞாயிறு என் முன்னால் இருந்து பிழையை வாசித்துவிட்டு, நான் தெருமுனை திரும்பியதும் சரியானதை எடுத்து வாசித்திருக்கிறாய். உன் பெண்சாதிக்குத் தெரியும், உன் மகளுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த முப்பத்தோராம் நாளிலும் உனக்குத் தெரியும். நான் கையைப் பிடித்து அழுதபோது என்ன நினைத்தாய்? பாவம் கிழவன் என்றா? நான் உன்னிடம் இரக்கம் கேட்டேனா? கொப்பியைப் பார்த்த அன்று உன் மனைவி தந்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று மாதக்கணக்கில் உன்னை ஏசினேன். காரணம் எனக்குத் தெரியாமலில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு நாள் பிடித்தது. அந்த இலக்கத் தாள்கட்டு வருவதற்கு முந்தின ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு, மாதா கோயில் மண்டபத்தில் நாலு பேருக்கு முன்னால் நீ வாசிப்பை நிறுத்தி, இந்த வரியில் ஒரு தாளம் குறைய எழுதியிருக்கிறாய் என்றாய். குறைந்துதான் இருந்தது. ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். லூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவன் ஒன்பது மாதம் உன் வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் நீதான் மழையில் தன்னாமுனைக்கு வந்து வாசல் கேற்றடியில் நின்றாய்.

"உன்ட எழுத்தில இனிப் பிழை சொல்ல மாட்டன் மச்சான். வா" என்றாய்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே வந்து என் மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அந்த மனிசன் தோற்றதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று அவள் கேட்டாள். கிடைத்தது இதுதான். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். அதற்கும் உன்மேல் கோபம்தான். ஒரு கோபக்காரனுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் என்ன? இன்னொரு ஒன்பது மாதம் நான் வராமல் இருந்திருப்பேன், பிறகு வந்திருப்பேன். வந்திருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

பென்சில் வரிகளை வைத்துச் சரியானதைப் படித்து, பூசை முடிந்ததும் வாசித்தேன். இராகம் மெல்லிய தந்தியில் ஏறித் துள்ளுகிறது. அது துக்கப் பாட்டே இல்லை, ஆட்டத்துக்கு எழுதியது. உங்கள் ஆட்கள் காலால் தாளம் போட்டார்கள், உன் மனைவி சிரித்துக்கொண்டே அழுதா. எல்லோரும் நல்லாயிருந்தது என்றார்கள். நல்லாகத்தான் இருந்தது. எனக்கு அது யாரோ ஒருவருடைய பாட்டு. அதில் நீ என்னோடு ஒருநாளும் இருந்ததில்லை.

சரியானதை வாசிக்க உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உன் மகளின் போனிலேயே இருக்கிறார்கள். பிழையானது நம் இரண்டு பேரிடம் மட்டும்தான் இருந்தது. போன கிழமை அதைத் தனியே வாசித்துப் பார்த்தேன். விரல் ஓர் இடத்திலும் தவறவில்லை, ஆனாலும் கேட்கச் சகிக்கவில்லை. ஒருவன் வாசித்தால் அது வெறும் பிழை மச்சான். பிழை என்று தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்து கூடவே வாசித்ததால்தான் அது இத்தனை காலம் எனக்குப் பாட்டாகக் கேட்டிருக்கிறது.