பின்கதவை மறைத்த அடுப்பு

என் கண்ணே,

உன் அப்பா புது விறகடுப்பு வாங்கியிருக்கிறார். கொய்ஹைக்கே ஊரிலேயே இதுதான் பெரியதென்று அவருக்குப் பெருமை. பழைய புகைபோக்கியோடுதான் பொருத்த வேண்டும். ஆனால் அங்கே வைத்தால் சமையலறைப் பின்கதவை அடுப்பு மறைத்துவிடும்.

"புகைபோக்கிய நகர்த்த முடியாதுண்ணே. இதைக் குடுத்துட்டுச் சின்னதா வாங்கிக்கங்க" என்றார் பொருத்த வந்த டான் எவாரிஸ்தோ.

"கதவை ஆணி அடிச்சு மூடுங்க" என்றார் உன் அப்பா. "குளிரும் உள்ள வராது, சொல்லாம கொள்ளாம யாரும் ஓடவும் மாட்டாங்க."

நீ போன கதவு அது. நான் தலை நிமிராமல் மாத்தே தேநீருக்கு வெந்நீர் ஊற்றினேன்.

இப்போது முன்வாசல் ஒன்றுதான். அங்கே உன் அத்தை ஓர்தென்சியா கம்பளி பின்னியபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"விறகெடுக்க, அண்ணி."

விறகென்றால் மறுகேள்வி கிடையாது. அடுப்பு பெரிது, அதன் பசியும் பெரிது. நாளெல்லாம் கொட்டகைக்கு நடக்கிறேன். வெறுங்கூடை போகிறது, நிறைந்து வருகிறது என்றே அவள் நினைக்கிறாள். திங்களன்று கூடையில் விரிக்கும் சாக்குக்கு அடியில் என் கம்பளிச் சட்டை போனது. நேற்று உன் ஞானஸ்நானப் படம். இன்று இந்தக் கடிதம். புகைக்குழாயைச் சரிபார்க்க வரும் டான் எவாரிஸ்தோ கொட்டகையிலிருந்து எடுத்து உன்னிடம் சேர்ப்பார்.

உன் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறதா? சின்னதாக இருந்தால் போதும்.

அடுப்பு அணைகிறதென்று அத்தை கத்துகிறாள். கூடையை எடுத்துவிட்டேன். இனி என் காலணி மட்டும்தான் பாக்கி, அதைக் காலிலேயே போட்டுக்கொண்டு போகலாம்.

உன் அம்மா